பதினேழு மாதங்களில் மூன்று போராட்டங்கள்

சமூக ஊடகத்தைத் தணிக்கை செய்யும் அரசும் அந்தத் தணிக்கையை எதிர்க்கும் போராட்டக்காரர்களும் வேறு எதில் முரண்பட்டாலும் ஒன்றில் ஒத்துப்போகின்றனர்: கைப்பேசியில் இடப்படும் ஒரு பதிவுக்கு ஆட்சியை அசைக்கும் ஆற்றல் உண்டு என்று இரு தரப்பாருமே நம்புகின்றனர். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதைச் சோதித்துப் பார்க்கத் தமிழ்நாட்டின் அண்மை வரலாறே போதும். 2017 ஜனவரி முதல் 2018 மே வரையிலான பதினேழு மாதங்களுக்குள், ஒரே கட்சியின் ஆட்சியில், ஒரே காவல்துறையின் முன்னிலையில், ஏறத்தாழ ஒரே செயலிகளைப் புழங்கிய மக்களிடையே, ஜல்லிக்கட்டுக்காக ஒன்றும் நீட் தேர்வுக்கு எதிராக ஒன்றும் தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஒன்றுமாக மூன்று பெரும் போராட்டங்கள் நடந்தன. முதலாவது ஒரே வாரத்தில் வென்றது. இரண்டாவது கேட்டதைப் பெறாமல், மூன்று ஆண்டுகள் கழித்து வேறொன்றைப் பெற்றது. மூன்றாவது 13 உயிர்களைப் பறிகொடுத்த பிறகு வென்றது. அரசு இணையத்தின் மீது கை வைத்ததா இல்லையா என்பதை மட்டும் கொண்டு இந்த மூன்று முடிவுகளையும் விளக்க முயன்றால் கணக்கு ஒத்துவருவதில்லை.

தணிக்கை என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் பலவகைப்பட்டது. ஒரு மாவட்டத்தின் இணைய இணைப்பையே துண்டிப்பது அவற்றுள் முரட்டுத்தனமானது. இதற்கு முன்பெல்லாம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவே பயன்பட்டு வந்தது, 2017 ஆகஸ்டில்தான் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் கீழ் தனி விதிகள் வகுக்கப்பட்டு, மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலர் நிலையிலுள்ள அதிகாரியே ஆணையிட வேண்டும், அந்த ஆணையை ஒரு மறுஆய்வுக் குழு ஐந்து வேலை நாட்களுக்குள் பரிசீலிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. குறிப்பிட்ட ஒரு பதிவையோ கணக்கையோ இணையதளத்தையோ மட்டும் இந்தியாவுக்குள் தெரியாமல் மறைப்பது இன்னொரு வகை. இதற்கான அதிகாரத்தைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு மத்திய அரசுக்கு வழங்குகிறது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அயல்நாடுகளுடனான நட்புறவு போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். ஆனால் 2009இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி இத்தகைய ஆணைகளும் அவற்றின் மீதான முறையீடுகளும் இரகசியமாகக் காக்கப்பட வேண்டியவை. (ஆணையே கைக்கு வராதபோது அதை எதிர்த்து எந்த நீதிமன்றத்தில் எதைக் காட்டி வாதிடுவது என்பது சட்டக் கல்லூரித் தேர்வில் கேட்கத் தகுந்த வினா.) இவை தவிர, பயனர் எழுதியதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று நிறுவனங்களுக்கு 79ஆம் பிரிவு தரும் சட்டப் பாதுகாப்பு, அரசு சுட்டிக்காட்டிய பதிவை நீக்காவிட்டால் பறிபோகும் என்ற அச்சத்தினாலேயே நடக்கும் நீக்கங்களும் உண்டு, நிறுவனங்கள் தம் சொந்த விதிகளைக் காட்டி நீக்குபவையும் உண்டு.

இந்தச் சட்டங்களின் எல்லையை உச்ச நீதிமன்றம் இருமுறை வரைந்து காட்டியது. பிறருக்கு எரிச்சலூட்டும் பதிவைக்கூடக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை, 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் அது முற்றாக நீக்கியது. அதே தீர்ப்பில் 69ஏ பிரிவைச் செல்லும் என்று நிலைநிறுத்தியது. 2020 ஜனவரி 10 அன்று காஷ்மீர் முடக்கம் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில், காலவரையற்ற இணைய முடக்கம் கூடாது, முடக்க ஆணைகள் வெளியிடப்பட வேண்டும் என்று கூறியது. இரண்டாவது தீர்ப்பு வருவதற்கு முன்பே தமிழ்நாட்டின் அந்தப் பதினேழு மாதங்கள் முடிந்துவிட்டன.

ஜல்லிக்கட்டுக்கு 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் விதித்த தடையை எதிர்த்து, 2017 ஜனவரி 16 அன்று அலங்காநல்லூரிலும் மறுநாள் சென்னை மெரினாவிலும் தொடங்கிய போராட்டம், முகநூல், வாட்ஸ்அப் ஆகியவற்றின் வழியாகவே ஆள் சேர்த்தது என்பதை எவரும் மறுப்பதில்லை. எனினும் அந்த நாட்களில் அரசு இணையத்தைத் துண்டிக்கவில்லை என்பது அதே அளவுக்குக் கவனிக்கத் தக்கது. அன்றைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் ஜனவரி 19 அன்று தில்லி சென்று பிரதமரைச் சந்தித்தார், 21 அன்று அவசரச் சட்டம் பிறந்தது, 23 அன்று சட்டமன்றம் அதை நிரந்தரச் சட்டமாக நிறைவேற்றியது, மாத இறுதிக்குள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. மாநிலத்தின் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, திரையுலகம் என எல்லோரும் ஒரு பக்கம் நின்றனர், விலங்குவதைத் தடுப்பு என்பது அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில், அதாவது மத்திய அரசும் மாநில அரசும் இரண்டுமே சட்டம் இயற்றத்தக்க பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமே திருத்தம் செய்துகொள்ள வழியிருந்தது, தில்லியும் வழிவிட்டது. கேட்டவர்களுக்கும் கொடுக்க வேண்டியவர்களுக்கும் நடுவே தடையாக எவரும் நிற்காத ஒரு கோரிக்கையைக் கொண்டு, சமூக ஊடகத்தின் வலிமையை அளப்பது சரியான அளவீடு ஆகாது.

அந்த வெற்றியின் கடைசி இரண்டு நாட்கள் இன்னொரு செய்தியையும் சொல்கின்றன. துருக்கியில் பிறந்த சமூகவியலாளர் செய்னெப் துஃபெக்சி, 2017இல் வெளிவந்த தம் நூலில், வலைப்பின்னல் வழியாகத் திடீரெனக் கூடும் போராட்டங்கள் ஒரு கட்டத்தில் உறைந்துபோகின்றன என்று விளக்குகிறார். பழைய இயக்கங்களுக்குக் கூட்டம் சேர்ப்பதே மாதக்கணக்கான வேலையாக இருந்தது, அந்த வேலையின் ஊடாகவே யார் பேசுவது, யார் முடிவெடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதற்கான பழக்கமும் அமைந்துவிட்டது. இன்று கூட்டம் ஒரே இரவில் சேர்ந்துவிடுகிறது, ஆனால் அரசு ஒரு படி இறங்கி வரும்போது அதை ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல அதிகாரம் பெற்ற ஒருவரும் அங்கே இருப்பதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். மெரினாவில் நடந்தது ஏறத்தாழ இதுவே. ஜனவரி 22 அன்று வாடிவாசலைத் திறந்து வைக்கப் புறப்பட்ட முதல்வரை, அவசரச் சட்டம் போதாது, நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று அலங்காநல்லூர் மக்கள் ஏற்கவில்லை. 23 அன்று காலை கலைந்துசெல்ல மறுத்தவர்களைக் காவல்துறை வலுக்கட்டாயமாக அப்புறப்படுத்தியது. மாலைக்குள் சென்னையின் பல பகுதிகள் கலவரத்தைக் கண்டன. அதன்பின் மெரினாவில் போராட்டத்துக்கு இடமே இல்லை என்ற நிலை வந்தது. காவிரிக்காக அங்கே தொடர் போராட்டம் நடத்த விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு அனுமதி கேட்டபோது, 2018 ஏப்ரலில் தனி நீதிபதி ஒருநாள் அனுமதி அளித்ததும், பின்னர் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்ததும் நீதிமன்றப் பதிவில் உள்ளன. திரையைத் திறந்து வைத்துவிட்டுக் கடற்கரையை மூடுவதும் தணிக்கைதான், ஆனால் அதைத் தணிக்கை என்று எவரும் எண்ணுவதில்லை.

மெரினா கலைந்த சில நாட்களில், 2017 பிப்ரவரித் தொடக்கத்தில், அதே சட்டமன்றம் மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத் தேர்விலிருந்து தமிழ்நாட்டுக்கு விலக்குக் கோரும் இரண்டு மசோதாக்களை ஒருமனதாக நிறைவேற்றியது. ஜல்லிக்கட்டுச் சட்டத்துக்குச் சில நாட்களில் கிடைத்த ஒப்புதல் இவற்றுக்குக் கிடைக்கவே இல்லை. ஓராண்டுக்கு மட்டும் விலக்கு என்ற பேச்சு ஆகஸ்ட் வரை நீண்டு, மாணவர்களிடம் நம்பிக்கையை வளர்த்து, ஆகஸ்ட் 22 அன்று நீட் அடிப்படையிலேயே சேர்க்கை நடக்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற உத்தரவோடு முடிந்தது.

அந்த உத்தரவின் சுமை வந்து விழுந்த இடம் அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டாரம். ஆலத்தியூரின் சிமென்ட் ஆலையாலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களாலும் மட்டுமே வெளியூர்க்காரர்கள் அறிந்திருந்த அந்த வட்டாரத்தின் குழுமூரில், திருச்சி காந்தி சந்தையில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகளான அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்திருந்தார். பழைய முறைப்படியான மருத்துவக் கட்-ஆஃப் மதிப்பெண் 200க்கு 196.75. நீட் தேர்வில் அவர் பெற்றது 720க்கு 86. நீட்டுக்கு எதிரான வழக்கில் தம்மையும் ஒரு தரப்பாக இணைத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றவர், உத்தரவு வந்த பத்தாம் நாள், செப்டம்பர் 1 அன்று, தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்த மாவட்டத்துக்கு இத்தகைய துயரம் புதிதன்று: இந்தித் திணிப்பை எதிர்த்து 1964 ஜனவரியில் திருச்சியில் உயிர்நீத்த சின்னசாமியும் இன்றைய அரியலூர் மாவட்டத்தின் கீழப்பழுவூரைச் சேர்ந்தவரே. இரண்டு மரணங்களும் தமிழ்நாட்டு அரசியலில் ஆழமான தடம் பதித்தன என்பது உண்மை. எனினும் உயிரிழப்பைப் போராட்ட வழிமுறைகளுள் ஒன்றாகக் கருதி அதன் பயனை எடைபோடுவது தகாது. எடைபோட வேண்டியது அதற்குப் பின் உயிரோடிருந்தவர்கள் என்ன செய்தார்கள், அவர்களை யார், எவ்வாறு தடுத்தார்கள் என்பதையே.

அனிதாவின் மரணத்துக்குப் பின் நீதி கேட்கும் ஹேஷ்டேக், அதாவது ஒரே பொருளைப் பற்றிய பதிவுகளை ஒன்றுதிரட்டும் அடையாளச் சொல், சமூக ஊடகங்களை நிறைத்தது. கல்லூரி வாசல்களிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் மாணவர்கள் அமர்ந்தனர். இணையம் அப்போதும் துண்டிக்கப்படவில்லை. மாறாக, வீதி குறுகிக்கொண்டே வந்தது. மெரினாவுக்கு வந்தவர்களைக் காவல்துறை உடனுக்குடன் வேனில் ஏற்றியது. செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அமைதியான எதிர்ப்புக்கும் விமர்சனத்துக்கும் தடையில்லை என்றாலும் இயல்பு வாழ்க்கையைக் குலைக்கும் போராட்டம் நடவாமல் பார்த்துக்கொள்வது மாநில அரசின் கடமை என்று ஆணையிட்டது. அதே ஆண்டில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகச் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த மாணவி மீதும், முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்கு மெரினாவில் கூடிய மே பதினேழு இயக்கத்தின் திருமுருகன் காந்தி மீதும் குண்டர் சட்டம் பாய்ந்தது. இரண்டையும் சென்னை உயர் நீதிமன்றம் செப்டம்பரில் ரத்து செய்தது. நவம்பரில், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்த கொடுமையைப் பற்றி முகநூலில் வரைந்த கேலிச்சித்திரத்துக்காகக் கார்ட்டூனிஸ்ட் பாலா கைதாகி, மறுநாளே பிணையில் வந்தார். படம் அதற்குள் பன்மடங்கு பேரைச் சென்றடைந்திருந்தது.

நீட் போராட்டம் வீதியில் சில வாரங்களில் ஓய்ந்தது, தில்லி இறங்கி வரவில்லை. ஆனால் கோரிக்கை கட்சிகளின் தேர்தல் அறிக்கைக்குள்ளும் ஆணையங்களுக்குள்ளும் நுழைந்துகொண்டது. 2020இல், மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டை நீட் எழுதித் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கும் மசோதா நிறைவேறியது. ஆளுநரின் ஒப்புதல் இழுபட்டபோது அக்டோபர் 29 அன்று அரசாணை வெளியிட்டே செயல்படுத்துவது என்று அரசு முடிவெடுத்தது, மறுநாள் ஒப்புதல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்கள் அந்த ஆண்டே நூற்றுக்கணக்கில் மருத்துவ இடங்களுக்குத் தேர்வாயினர். 2021இல் நீட்டின் விளைவை ஆராய்ந்த ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கை, புதிய விலக்கு மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பியது, 2022 பிப்ரவரியில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது, அந்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது என அசல் கோரிக்கையின் கதை நீள்கிறது. மாநிலத்தின் கையில் இருந்தது கிடைத்தது. மாநிலத்தின் கையில் இல்லாதது கிடைக்கவில்லை. அரியலூரில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கத்துக்கு அனிதாவின் பெயரே சூட்டப்பட்டுள்ளது, அந்தக் கல்லூரியில் சேர இன்றும் நீட் எழுத வேண்டும்.

மூன்றாவது நிகழ்வில்தான் அரசு இணையத்தைத் தொட்டது. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22 அன்றும் மறுநாளும் தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். 23 அன்று தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாட்களுக்கு இணையத்தைத் துண்டித்து உள்துறைச் செயலர் ஆணையிட்டார். சமூக ஊடகச் செய்திகளே கூட்டத்தைத் திரட்டின என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆணை வந்த தேதியே அந்தக் காரணத்தின் எடையைக் காட்டிவிடுகிறது: கூட்டம் கூடியது 22ஆம் தேதி, துண்டிப்பு 23ஆம் தேதி. அதற்குப் பின் துண்டிக்கப்பட்டது கூட்டம் அன்று, செய்தி; எத்தனை பேர் இறந்தார்கள், யார் எந்த மருத்துவமனையில் கிடக்கிறார்கள், எந்தத் தெருவில் காவலர்கள் கதவைத் தட்டுகிறார்கள் என்பவற்றை வெளியூர் உறவினர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் சொல்லும் வழியே அடைபட்டது. அப்படியிருந்தும் முதல் மணி நேரங்களில் வெளியேறிவிட்ட காணொளிகள், குறிப்பாக வேனின் மேல் நின்று குறிபார்க்கும் காவலரின் காட்சி, உலகைச் சுற்றி வந்தன. மே 28 அன்று ஆலையை நிரந்தரமாக மூட மாநில அரசு ஆணையிட்டது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை காவல்துறையினரையும் அதிகாரிகளையும் குற்றம் சாட்டியது. ஆலையைத் திறக்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று தள்ளுபடி செய்தது. ஆலைக்கு இசைவு தருவதும் மறுப்பதும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கையில் இருந்த அதிகாரம் என்பதை இங்கும் மறக்கலாகாது.

ஆக, போராட்டம் வெல்வதைத் தீர்மானித்தது எத்தனை பதிவுகள் பகிரப்பட்டன என்பதோ, எத்தனை பதிவுகள் மறைக்கப்பட்டன என்பதோ அன்று. கேட்கப்பட்டதைக் கொடுக்கும் அதிகாரம் எட்டும் தொலைவில் இருந்ததா, அது கிடைக்கும்வரை காத்திருக்கும் அமைப்பு கேட்பவர்களிடம் இருந்ததா என்ற இரண்டுமே. சிமென்ட் லாரிகள் இரவு பகலாக ஓடும் அரியலூர்ச் சாலைகளில் இதைச் சிறிய அளவில் அடிக்கடி காணலாம். லாரி மோதி ஒருவர் இறந்தால் ஊர் திரண்டு மறியலில் உட்காருகிறது. வட்டாட்சியரும் காவல் துணைக் கண்காணிப்பாளரும் நிகழ்விடத்துக்கு வருகின்றனர். வேகத்தடை, இழப்பீடு, லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடு என்று பேச்சு நடக்கிறது. எழுதிக் கொடுத்தால்தான் எழுந்திருப்போம் என்று ஊர்ப் பெரியவர்கள் பிடிவாதம் பிடிக்கின்றனர். அந்தப் பேச்சின் காணொளி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதால் வாக்குறுதி தந்த அதிகாரி பின்வாங்குவது சற்றே கடினமாகிறது என்பதே அங்கே சமூக ஊடகத்தின் பங்கு.

அப்படியென்றால் தணிக்கையால் அரசுக்குக் கிடைப்பது என்ன? சீனாவின் தணிக்கையை ஆராய்ந்த கேரி கிங், ஜெனிஃபர் பான், மார்கரெட் ராபர்ட்ஸ் ஆகிய மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிர்பாராத விடையைத் தந்தது. தலைவர்களைத் திட்டும் பதிவுகள் பெரும்பாலும் விட்டுவைக்கப்பட்டன. மக்களை ஓரிடத்தில் ஒன்றுகூட்டக்கூடிய பதிவுகள், அரசை ஆதரிப்பவையாக இருந்தாலும், வேகமாக நீக்கப்பட்டன. அதாவது தணிக்கையாளர் அஞ்சுவது கருத்துக்கன்று, ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பலர் சேர்வதற்கு. ராபர்ட்ஸ் பின்னர் எழுதிய நூலில், தணிக்கை மூன்று வழிகளில் வேலை செய்கிறது என்கிறார்: தண்டித்து அச்சுறுத்துவது, செய்தியைத் தேடி அடைவதைச் சற்றே சிரமமாக்குவது, வேறு செய்திகளைக் கொட்டி மூழ்கடிப்பது. இரண்டாவதுதான் மிகச் சாதாரணமாகத் தோன்றி மிக நன்றாக வேலை செய்கிறது. உறுதியான போராளி எந்தத் தடையையும் தாண்டிவிடுவார். வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு 'நாமும் போகலாமா' என்று யோசிக்கும் மனிதர், அது திறக்காவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுவார். போராட்டத்தை நூறு பேரிலிருந்து நூறாயிரமாக்குவது அந்த இரண்டாவது மனிதரே.

முழுத் துண்டிப்பு பல நேரங்களில் எதிர்விளைவைத் தருவதும் இதனால்தான். 2011 ஜனவரி 28 அன்று எகிப்து அரசு இணையத்தை அடைத்தபோது, வீட்டிலிருந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்ன நடக்கிறது என்று அறியத் தெருவுக்கு வந்தனர். இலங்கையில் பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டத்தை ஒடுக்க, 2022 ஏப்ரல் 3 அன்று முகநூல், வாட்ஸ்அப் உள்ளிட்ட தளங்கள் மறைக்கப்பட்டன. இருப்பிடத்தை மறைத்துத் தடையைத் தாண்ட உதவும் வி.பி.என். செயலிகள் கொழும்பில் கைக்குக் கை பரவின, ஆளும் குடும்பத்தைச் சேர்ந்த அமைச்சர் நாமல் ராஜபக்சவே தாமும் வி.பி.என். வழியாக வந்திருப்பதாகக் கூறித் தடையைக் குறை சொன்னார், ஒரு நாள் முடிவதற்குள் தடை விலக்கப்பட்டது. ஏப்ரல் 9 அன்று காலிமுகத் திடலில் கூடாரங்கள் முளைத்தன, ஜூலையில் கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டே வெளியேறினார். நேபாளத்தில் 2025 செப்டம்பர் 4 அன்று 26 தளங்களைத் தடை செய்த அரசு, செப்டம்பர் 9 அன்று பிரதமர் சர்மா ஒலியின் பதவி விலகலோடு கவிழ்ந்தது. தடை இந்த ஆட்சிகளைக் கவிழ்க்கவில்லை, எரிபொருள் வரிசையும் ஊழலும்தான் கவிழ்த்தன. ஆனால் அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தவரின் கையிலிருந்த கைப்பேசியையும் பிடுங்கியதன் மூலம், அரசுகளே அவரைப் போராட்டத்துக்கு அழைத்துவந்தன.

இலங்கையின் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தணிக்கை எதிர்ப்பாளர்கள் அதை எளிதில் கடந்துசெல்கிறார்கள். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனயில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது, அதைத் தூண்டிய சிங்கள மொழிப் பதிவுகள் முறையிட்ட பிறகும் முகநூலில் நீடித்தன. அரசு தளங்களை மறைத்த பிறகே நிறுவனம் விழித்தது, தன் பங்குக்காக 2020இல் வருத்தமும் தெரிவித்தது. கூட்டத்தைச் சேர்க்கும் கருவி நியாயமான கூட்டத்தை மட்டுமே சேர்க்கும் என்று எவரும் உறுதி தர முடியாது. அதே நிறுவனம், ஆபத்தான அமைப்புகள் பற்றிய தன் விதியைக் காட்டி, நவம்பர் மாதத்தில் விடுதலைப் புலிகளின் மாவீரர் நாள் நினைவுப் பதிவுகளை நீக்குவதாகப் புலம்பெயர் தமிழ் ஊடகங்கள் ஆண்டுதோறும் முறையிடுகின்றன. கலவரத்தைத் தூண்டியவர்களின் பதிவைக் கண்டுகொள்ளாத கண், மகனை இழந்த தாய் இட்ட படத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற கேள்விக்கு, மொழியறிந்த ஆட்களைக் காட்டிலும் இயந்திரச் சல்லடையை நம்பும் நிறுவனங்களிடம் நல்ல விடை இல்லை.

இந்தியாவின் நிகழ்காலத் தணிக்கை, துண்டிப்பைவிடச் சல்லடையையே கூடுதலாக நாடுகிறது. தில்லி எல்லையில் விவசாயிகள் அமர்ந்திருந்தபோது, 2021 பிப்ரவரி 1 அன்று, கேரவன் இதழின் கணக்கும் விவசாயிகளின் ஒருங்கிணைப்புக் கணக்கும் உட்பட ஏறத்தாழ 250 ட்விட்டர் கணக்குகள் 69ஏ ஆணையால் மறைக்கப்பட்டு, சில மணி நேரத்தில் திரும்பின. விவசாயிகள் அதனால் தளரவில்லை. சங்கங்கள், சமையற்கூடங்கள், டிராக்டர்கள், சொந்தமாக அச்சிட்ட செய்தித்தாள் ஆகியவற்றோடு ஓராண்டு அமர்ந்திருந்து, நவம்பரில் தாங்கள் எதிர்த்த மூன்று வேளாண் சட்டங்களும் திரும்பப் பெறப்படுவதைக் கண்டனர். ஆணைகளை எதிர்த்து ட்விட்டர் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் 50 லட்சம் ரூபாய் அபராதத்தோடு தள்ளுபடி செய்தது. எக்ஸ் என்று பெயர் மாறிய அதே நிறுவனம், நீக்க அறிவிப்புகளை மொத்தமாக அனுப்பும் சகயோக் இணையதளத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கும் 2025 செப்டம்பரில் தோற்றது.

தமிழ் இதழியலுக்கு இத்தகைய கெடுபிடி புதிதன்று. பாரதியின் 'இந்தியா' இதழ் 1908இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்ததும், பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதன் நுழைவு தடுக்கப்பட்டதால் 1910இல் நின்றதும் அனைவரும் அறிந்ததே. நெருக்கடி நிலைக் காலத்தில் மிசாவில் கைதானவர்களின் பெயர்களை வெளியிட இயலாத முரசொலி, அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதோர் பட்டியல் என்று ஊர்வாரியாக அச்சிட்டுத் தணிக்கை அதிகாரியின் கண்ணில் மண்ணைத் தூவியது. 1987இல் ஆனந்த விகடனின் அட்டைப்பட நகைச்சுவைக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தபோது, கண்டனம் எழுந்து ஓரிரு நாளில் அவர் விடுதலையானார். கேலி செய்யப்பட்டவர், தண்டித்தவர், கதவைத் திறந்தவர் எல்லோருக்கும் முகம் இருந்தது.

2025இல் அதே விகடன் குழுமத்துக்கு நேர்ந்தது வேறு மாதிரி. அமெரிக்கா இந்தியர்களுக்கு விலங்கிட்டு நாடு கடத்திய செய்தியையொட்டி, பிரதமர் மோடி கையில் விலங்கோடு டிரம்ப் அருகே அமர்ந்திருக்கும் கேலிச்சித்திரத்தை விகடன் பிளஸ் வெளியிட்டது; பாஜகவின் அன்றைய மாநிலத் தலைவர் அண்ணாமலை புகார் அளித்தார்; பிப்ரவரி 15 அன்று மாலை முதல் விகடன் இணையதளம் முழுவதுமே பலருக்குத் திறக்கவில்லை. ஒரு படத்துக்காகச் சமையல் குறிப்பு, சிறுகதை, பங்குச்சந்தைச் செய்தி உட்பட ஒரு நிறுவனத்தின் மொத்த எழுத்தும் மறைந்தது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி பரத சக்கரவர்த்தி, சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டுத் தளத்தைத் திறக்கலாம் என்று இடைக்கால உத்தரவிட்டார். தளம் திரும்பியது, சித்திரம் அதன் பக்கத்தில் இல்லை. அதற்கிடையே அந்தச் சித்திரத்தைத் தேடிப்பிடித்துப் பார்த்தவர்கள், விகடனின் வழக்கமான வாசகர் வட்டத்துக்கு வெளியிலும் ஏராளமாக இருந்தனர். விலங்கிட்டு அனுப்பியதைப் பற்றி அரசு ஏன் வாய் திறக்கவில்லை என்று அந்தச் சித்திரம் எழுப்பிய கேள்வியோ, தடை சரியா தவறா என்ற விவாதத்தில் மூன்று வாரங்கள் மறைந்துபோனது.